வைரவர் வளவின் வெள்ளைப்பூ

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து சரிந்து சரிந்து போகும். கோடு போட்ட கொப்பியில் எழுதினாலும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று இப்போதும் யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். பிழை கண்டால் வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் வாய்தான். எங்கள் சனசமூக நிலையத்தில் பாதீனியம் என்ற களையை ஒழிப்பது பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். மாடு வளர்க்கிறவன் என்பதால் என்னையும் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எழும்பி நின்றேன். முன்னால் இருந்த அத்தனை பேரும் எனக்குத் தெரிந்தவர்கள், தினமும் தெருவில் காண்கிறவர்கள். ஆனாலும் ஒரு சொல்லும் வரவில்லை. மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்ப இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மகள், "அப்பா, வாயாலை வராட்டிக் கையாலை எழுதுங்கோவன்" என்றாள். அப்படித்தான் இது தொடங்கியது.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். சண்டையால் இடம்பெயர்ந்து தொண்டைமானாற்றில் இருந்த நாங்கள் சொந்த ஊரான புத்தூருக்குத் திரும்பி வந்த வருடம் அது. அப்பா வன்னியில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பாதை பூட்டியிருந்தபடியால் அவரால் வர முடியவில்லை. வீட்டில் அம்மாவும் நானும், அம்மாவின் தம்பியான மாமாவும் இருந்தோம். மாமாவுக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. பகிடி விட்டு மற்றவர்களைச் சிரிக்கவைப்பதைத் தவிர நிரந்தரமான தொழிலும் இருக்கவில்லை.

வீட்டுக்கு முன்னால் போகிற சின்னத் தெருவான ஒழுங்கைக்கு மற்றப் பக்கத்தில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா இருந்தார். அவருடைய கணவர்தான் எங்கள் குடும்பத் தெய்வமான வைரவருக்குப் பூசை வைக்கிறவர். பெரிய கோயில் என்று நினைத்துவிட வேண்டாம். வேப்பமரத்தின் கீழே ஒரு சூலம், அதற்கு மேல் தகரக் கூரை, சுற்றிவர வேலி அடைத்த ஒரு வளவு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குக் கலியாணம் பேசினாலும் முதலில் போய் நிற்கிற இடம் அது. பெரியப்பா சொன்னால் வைரவர் சொன்னது மாதிரி.

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குத் துலா இல்லை. பூமரங்கள் எல்லாம் பட்டுப்போயிருந்தன. வைரவர் வளவு மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. ஆளின் இடுப்பளவுக்கு ஒரு செடி, செவ்வந்தி இலை மாதிரிப் பிரிந்த இலை, நுனியெல்லாம் மூக்குத்திக் கல் அளவில் வெள்ளைப் பூ. முன்பு அந்த ஊரில் ஒருவரும் கண்டிராத செடி. பாதீனியம் என்ற பெயர் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

"நாங்கள் இவரை விட்டிட்டுப் போட்டம்," என்று சொல்லி அழுதார். "அவர் தனக்குத்தானே பூந்தோட்டம் வைச்சிருக்கிறார், பாருங்கோ."

அதைக் கேட்டுப் பெரியம்மா அழுதார். அம்மா அழுதார். எல்லோரும் அழுவதைக் கண்டு நானும் அழுதேன். அன்றிலிருந்து அந்தச் செடிக்குப் பெயர் சாமிப்பூ. பெரியப்பா காலையில் கை நிறையப் பிடுங்கிச் சூலத்தின் அடியில் குவிப்பார். தண்ணீர் விடாமலே அது வளர்ந்தது, பிடுங்கப் பிடுங்கப் பூத்தது. அதைவிட வேறு அத்தாட்சி யாருக்கு வேண்டும்?

இனி எங்கள் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம் என்பதால் அதற்குச் சிவலை என்று பெயர். தொண்டைமானாற்றில் இருந்த காலத்தில் அம்மா அதை ஒரு சின்னக் கன்றாக வாங்கி வளர்த்தார். ஊருக்குத் திரும்புகிற அன்று மற்றவர்கள் சாமான்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். அம்மா சிவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு புத்தூர் வரைக்கும் நடந்தே வந்தார். அப்பா வந்து சேரும் வரைக்கும் அந்த மாட்டை நம்பித்தான் நாங்கள் இருந்தோம். அது கன்று போட்டால் தேத்தண்ணிக் கடைக்குப் பால் கொடுப்பதாக அம்மா முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்.

சிவலை தை மாதக் கடைசியில் முதல் கன்றைப் போட்டது. எங்கள் பக்கத்தில் கன்று போட்ட மாட்டின் பாலை உடனே வீட்டுக்கு எடுப்பதில்லை. துடக்கு என்கிற தீட்டுக் கழிந்து, ஒரு நல்ல நாள் பார்த்து, வைரவருக்குப் பால்பொங்கல் பொங்கிப் படைத்த பிறகுதான் அந்தப் பால் வீட்டு அடுப்புக்கும் விற்பனைக்கும் போகும். அந்த நாட்களில் மழையும் விட்டுவிட்டது. வெயில் ஏறி வேலியோரப் புல் காய்ந்துபோயிற்று. பச்சையாக நின்றது கோயில் வளவு மட்டும்தான். பெரியப்பா நல்ல மனதோடு அம்மாவைக் கூப்பிட்டு, மாட்டைக் கொண்டுவந்து வளவில் கட்டச் சொன்னார். சாமியின் பூண்டைத் தின்றால் பால் ஊறும் என்றார். நான்தான் தினமும் காலையில் கொண்டுபோய்க் கட்டினேன். சிவலை முதலில் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வேறு ஒன்றும் இல்லையென்று கண்டதும் தின்னத் தொடங்கியது.

பொங்கலன்று ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்திருந்தது. பால் பொங்கி வழிந்தது. பெரியம்மா குரவையிட்டார். பெரியப்பா மணி அடித்துத் தீபம் காட்டி முடித்ததும் வாழையிலைத் துண்டுகளில் பொங்கலைக் கொடுத்தார்கள். சர்க்கரையும் பயறும் முந்திரிகை வற்றலும் போட்ட பொங்கல். நான் ஒரு பெரிய உருண்டையை வாயில் வைத்தேன். வேப்பங்காயைக் கடித்தது போல இருந்தது.

மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோருடைய வாயும் பாதி மென்றபடி நின்றுவிட்டது. சாமிக்குப் படைத்ததைத் துப்பக் கூடாது. ஆகவே யாரும் துப்பவில்லை. எல்லோரும் வைரவரைப் பார்த்தபடி, கண்ணில் நீர் வர, மெல்ல மெல்ல விழுங்கினார்கள். அவ்வளவு பக்தியோடு யாரும் பொங்கல் தின்று நான் பிறகு பார்த்ததில்லை. அந்தப் பாலை அதுவரைக்கும் ஒருவரும் ருசி பார்த்திருக்கவில்லை. கன்று மட்டும்தான் குடித்தது. அது ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு, "துடக்கோடை கொண்டந்திட்டாய் பிள்ளை. வைரவர் ஏற்கேல்லை," என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அதனால் அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடைக்காரர் ஆள் அனுப்பிப் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் சிவலையின் உதட்டைச் சுற்றிப் புண் வந்தது. கண் இமை வீங்கியது. கழுத்தில் கொத்துக் கொத்தாக மயிர் உதிர்ந்தது. கன்றைப் பால் குடிக்கவும் விடாமல் உதைத்தது. பார்த்தவர்கள், வைரவருக்குச் செய்த குற்றம் மாட்டின் மேலே எழுதியிருக்கிறது என்றார்கள்.

மாமா மாட்டை விற்றுவிடச் சொன்னார். இறைச்சிக்கு எடுக்கிற ஒருவரை அவருக்குத் தெரியும்.

"வைரவர் வேண்டாம் எண்ட மாட்டை வேறை ஆர் அக்கா வேண்டும் எண்டு சொல்லப் போகினம்? கண்டுக்குட்டியை வைச்சுக்கொண்டு தாயைத் தள்ளிவிடுங்கோ."

அம்மா ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "விக்கிறேல்லை," என்றார்.

"செத்துப்போனால்?"

"பால் கைக்குது எண்டு வைரவர் சொன்னவரே? எங்கடை நாக்குத்தானே சொன்னது. நாக்காலை அறிஞ்சதை நாக்காலைதான் தேட வேணும்."

மாமாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அம்மா சிவலையை வெளியே விடவில்லை. கொட்டிலிலேயே கட்டிவைத்துப் பச்சைப் பனையோலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்துப் போட்டார். வைக்கோல் போட்டார். கழுநீரில் புண்ணாக்குக் கரைத்து வைத்தார். கறந்த பாலைத் தினமும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். முகம் சுருங்கும். பாலை வாழையடியில் ஊற்றுவார். மாமா தினமும் வந்து, "இண்டைக்கு வாழைக்கு என்ன சுகம்?" என்று விசாரிப்பார். ஒரு நாள் காலையில் அம்மா விரலை நாக்கில் வைத்தார். திரும்பவும் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் வாயிலும் ஒரு சொட்டு விட்டார். அது வெறும் பால். இனிப்பாக இருந்தது.

மாட்டில் குற்றமில்லை என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எதைத் தின்று கைத்தது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. சிவலையை நான் கட்டிய இடங்களையெல்லாம் காட்டச் சொன்னார். வேலியோரம், வாய்க்கால் வரம்பு, கோயில் வளவு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்ற பச்சையில் ஒவ்வொரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் வரிசையாக வைத்தார். பிறகு பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மென்று பார்த்துத் துப்பினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு வாயைக் கொப்பளித்தார். நானும் மென்று பார்க்கிறேன் என்று கேட்டேன். தரவில்லை. கடைசியில் சாமிப்பூவின் இலை ஒன்றை வாயில் வைத்தார். அப்போது அவர் முகம் பொங்கலன்று போனது போலவே போயிற்று. கொப்பளித்தார், கொப்பளித்தார், வாளித் தண்ணீர் முடியும் மட்டும் கொப்பளித்தார்.

இனி எல்லாம் சரி, போய்ச் சொல்ல வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஈரவாயோடு எழும்பிப் பெரியம்மா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பெரியம்மா கேட்டுவிட்டு முதலில் வாசல் படலையைச் சாத்தினார்.

"சாமிப்பூவிலையோ குறை சொல்லுறாய்? தீட்டோடை பாலைக் கொண்டந்ததும் நீ, இப்ப பூவிலை பழி போடுறதும் நீ. பிள்ளைக்குட்டியோடை இருக்கிறனீ தங்கச்சி, வாயை அடக்கு. உன்ரை அத்தானுக்கு இது காதிலை விழுந்தால் மனுசன் சாப்பிடாது."

அம்மா படலையைத் திறந்துகொண்டு திரும்பி வந்துவிட்டார்.

பெரியப்பாவின் வளவைத் தொட முடியாது என்றால், எங்கள் வளவையாவது சுத்தமாக்குவது என்று அம்மா முடிவெடுத்தார். அதற்குள் அந்தச் செடி காற்றோடும் ஆட்டுக் குளம்போடும் ஒழுங்கை முழுக்கப் பரவி, எங்கள் கிணற்றடிக்கும் தோட்ட வரம்புக்கும் வந்துவிட்டது. அம்மா விடியப்புறம் தொடங்குவார். வெயில் ஏறியதும் ஓய்வார். வெயில் தாழத் திரும்பத் தொடங்குவார். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிடுங்கினேன். அம்மாவின் கையெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு பிடுங்கினார். கடைசியில் எங்கள் வளவில் ஒரு செடியும் இல்லை. மலைபோல ஒரு குவியல் மட்டும் கிடந்தது.

இங்கேதான் அம்மா ஒரு பிழை செய்தார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அந்தப் பிழையைத்தான் செய்திருப்பார்கள். நாங்கள் செம்மண் தோட்டக்காரர். பச்சையாக எந்த இலை குழை கிடைத்தாலும் அதை வீணாக்க எங்களுக்கு மனம் வராது. பூவரசங்குழையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து தோட்டத்து மண்ணுக்குள் புதைத்து, தாட்டுத்தான் வெங்காயம் நடுவோம். மண்ணுக்கு அதைப் போல உரம் இல்லை. சும்மா கிடைத்த குவியலை எரிக்க யாருக்குத்தான் மனம் வரும்? அம்மாவும் மாமாவும் அதை அப்படியே, பூவும் விதையுமாகத் தோட்டத்தில் தாட்டார்கள். மேலே வெங்காயம் நட்டார்கள். தினமும் இறைத்தார்கள்.

வெங்காயம் முளைக்க முதல் மற்றது முளைத்தது. பாத்தி தெரியவில்லை, வரம்பு தெரியவில்லை, பச்சைப் பாய் விரித்தது மாதிரி இருந்தது. மாமா வரம்பில் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"குழை தாட்டு, தண்ணி இறைச்சு, இவ்வளவு கவனமாய் உந்தச் செடியை வளர்த்த ஆக்கள் இலங்கையிலை வேறை இருக்கமாட்டினம் அக்கா," என்றார். "வெங்காயம்தான் களையாய் வந்திட்டுது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பாத்திக்குள் இறங்கி அந்த இடத்திலேயே பிடுங்கத் தொடங்கிவிட்டார். இந்த முறை கைக்குச் சொப்பிங் பைகளைச் சுற்றிக்கொண்டார். பூப்பதற்கு முன்பே பிடுங்கினார். பிடுங்கியதைக் காயப்போட்டு, காவோலையோடு சேர்த்து எரித்தார். ஒன்றையும் மண்ணில் புதைக்கவில்லை. அந்தப் போகத்து வெங்காயம் பேருக்குத்தான் கிடைத்தது. ஆனால் தோட்டம் மீண்டது. சிவலையின் புண்ணும் ஆறிவிட்டது. பாலை வாங்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கும் கன்றுக்கும் போக மிஞ்சியதை அம்மா தயிராக்கி, எங்கள் கதை தெரியாத நீர்வேலிப் பக்கம் மாமாவிடம் கொடுத்து அனுப்பினார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் சிவலை கயிற்றை அறுத்துக்கொண்டது. பச்சை தேடி அது வேறு எங்கே போகும்? நாங்கள் போய்ப் பார்த்தபோது கோயில் வளவின் நடுவில் நின்று தின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகத் தின்றதோ தெரியாது. வீட்டுக்கு இழுத்து வந்தோம். மத்தியானம் அது படுத்துவிட்டது. வாயால் நீர் வடிந்தது. கழிந்துகொண்டே இருந்தது. கன்று கொட்டிலுக்கு வெளியே நின்று கத்தியது. மாமா பகிடி விடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். வைத்தியர் வந்து ஊசி போட்டார். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. தின்றதைத் திரும்பத் தின்ன விடவேண்டாம், இன்னொரு தரம் இப்படி வந்தால் தன்னைக் கூப்பிட்டும் பயனில்லை என்றார்.

சிவலை எழும்பும் வரைக்கும் அம்மா கொட்டிலை விட்டு அகலவில்லை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூங்கில் குழாயால் கஞ்சித் தண்ணீர் பருக்கினார். நானும் பக்கத்திலேயே இருந்தேன். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு அது தேவைப்படுகிறது.

சிவலை எழும்பி நின்றது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வைரவர் பூசைக்கு அம்மா தலை முழுகிப் போனார். பொங்கலுக்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. சனம் விலகி வழிவிட்டது. பூசை முடிந்து பெரியப்பா விபூதி கொடுக்கத் தொடங்கினார். அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் சொரி பிடித்துக் கறுத்திருந்தன. அம்மா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அத்தான், என்ரை மாடு எழும்பினால் வைரவற்றை வளவிலை உழவாரத் தொண்டு செய்யிறன் எண்டு நேந்துபோட்டன். மாடு எழும்பீட்டுது."

உழவாரத் தொண்டு என்றால் கோயில் வீதியில் முளைத்த புல் பூண்டை உழவாரம் என்ற கருவியால் செதுக்கிச் சுத்தம் பண்ணுவது. எங்கள் சமயத்தில் அதைவிடப் பெரிய தொண்டு இல்லை. அதை வேண்டாம் என்று எந்தப் பூசாரியும் சொல்ல முடியாது. பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம் பிள்ளை. தாராளமாய்ச் செய். பூச்செடியை மட்டும் விட்டிட்டுச் செய்."

"நான் முழு வளவும் எண்டுதான் நேந்தனான் அத்தான்."

பெரியப்பா விபூதித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அது சாமியின்ரை பூவெல்லே."

"ஓம். அதாலைதான் எனக்கும் பயமாய்க் கிடக்கு," என்று அம்மா சொன்னார். "நேந்ததிலை குறைவைச்சால் அவர் உங்களைக் கேக்கமாட்டார். என்னையும் என்ரை பிள்ளையையும்தான் கேப்பார். நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

நேர்த்திக்கடனில் குறை வைக்கலாம் என்று சொல்ல எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் துணிவு இல்லை. பெரியம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சூலத்தைப் பார்த்தார். அது வழக்கம் போல நின்றது. அப்போது பின்னால் இருந்து மாமாவின் குரல் வந்தது.

"பூவுக்கு யோசிக்காதையுங்கோ அத்தான். நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நான் கம்பு வெட்டிக்கொண்டந்து நட்டுத் தாறன். தண்ணியும் நானே ஊத்துறன்."

மாமா தானாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியில்தான் பெரியப்பா சம்மதித்தார் என்று பிறகு எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

திரும்பி வரும்போது நான் அம்மாவைக் கேட்டேன். சிவலை படுத்திருந்த நேரம் முழுக்க நான் பக்கத்திலேயே இருந்தேன். அம்மா நேர்ந்ததை நான் கேட்கவே இல்லையே?

"மனதுக்கை நேந்தது உனக்குக் கேக்குமே?" என்றார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து மண் இளகியதும் தொண்டு தொடங்கியது. அம்மா தனியாகத்தான் போனார். ஆனால் கோயிலில் ஒருத்தி குனிந்து வேலை செய்ய, மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க ஏலுமா? அதுவும் பாவம்தானே. முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு தேத்தண்ணிக் கடைக்காரரின் மனைவி வந்தார். பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தவர், கேத்தலை வைத்துவிட்டுத் தானும் குனிந்துவிட்டார். ஒழுங்கையிலிருந்த உழவாரங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. அம்மா ஒவ்வொருவரிடமும் கையில் துணி சுற்றச் சொன்னார். வேரோடு வரவேண்டும் என்றார். பிடுங்கியதை யாரும் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே எரிக்க வேண்டும் என்றார். ஏன் என்று ஒருவர் கேட்டார். கோயில் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றமல்லவா என்றார் அம்மா. கேட்டவர் உடனே ஒப்புக்கொண்டார்.

வளவு முடிந்த பிறகு, சுவாமி வெளிவீதி சுற்றுகிற ஒழுங்கையையும் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். எங்கள் வைரவர் ஒரு நாளும் வெளிவீதி சுற்றியதில்லை. சூலம் எப்படிச் சுற்றும்? ஆனாலும் ஒழுங்கை சுத்தமாயிற்று. அதைத் தொட்டு அவரவர் வேலியோரமும் சுத்தமாயிற்று.

சில நாட்களில் பெரியப்பாவின் கைகளில் சொரி ஆறத் தொடங்கியது. அவர் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிவில் எல்லோரையும் இருத்திவைத்து, வைரவர் தன் கனவில் வந்ததாகச் சொன்னார். அந்தப் பூ தன்னுடையது அல்ல, அசுரன் கொண்டுவந்து வைத்தது, அதை அழிக்கத்தான் பாலைக் கைக்கச் செய்தேன் என்று வைரவர் சொன்னாராம். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெரியப்பா அடுத்த நாள் காலையில் செம்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, அபிஷேகத்துக்குச் சிவலையின் பால்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பின்னேரம் தேத்தண்ணிக் கடைக்காரர் பால் பாத்திரத்தை அனுப்பினார். அம்மா பெரியப்பாவின் முன்னால் கைகூப்பி நின்று, எல்லாம் வைரவருடைய அருள் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் இருந்து மென்று துப்பியது யார்? கையெல்லாம் தடித்துப்போனது யாருக்கு? கனவிலே வைரவர் வந்தாரென்றால் மாசி மாதமே வந்திருக்கலாமே? மாமாவிடம் சொன்னேன். வைரவருக்கு அப்போது எங்கள் விலாசம் தெரிந்திருக்காது, நாங்கள் புதிதாகத்தானே திரும்பி வந்தோம் என்றார். அவரிடம் கேட்டது என் பிழை.

அடுத்த வருட மாரி வந்தது. முதல் மழைக்குப் பிறகு வளவு முழுக்கத் திரும்பவும் பச்சையாகச் சின்னச் சின்னதாக அது தலைகாட்டியது. பெரியப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். போன வருடத்தைவிட அதிகம் சனம் வந்தது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். கையில் துணி சுற்றுங்கோ, வேரோடை எடுங்கோ, தோட்டத்துக்குக் கொண்டுபோகாதையுங்கோ என்று, அம்மா சொன்ன ஒவ்வொன்றையும் வைரவர் தனக்குச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மூலையில் ஒரு வரிசையில் குனிந்திருந்தார். நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"நீங்கள்தானேம்மா கண்டுபிடிச்சது. ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? பெரியப்பா சொல்லுறது பொய்யெல்லே?"

அம்மா ஒரு சின்னச் செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறினார். என்னைப் பார்க்கவில்லை. வளவைப் பார்த்தார். குனிந்திருந்த முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"உந்தச் செடியின்ரை விதை இன்னும் எத்தினை மாரிக்கு மண்ணுக்கை கிடக்குமோ தெரியாது தம்பி," என்றார். "ஒவ்வொரு மாரிக்கும் இவ்வளவு சனமும் வர வேணும்."

நான் கேட்டது அம்மாவின் காதில் விழவில்லை என்று நினைத்தேன். இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அம்மா தன் மடியில் இருந்த இன்னொரு சொப்பிங் பையை எடுத்து, என் கையில் சுற்றி, அதை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் ஆள் போதாது, அங்கே போய் நில் என்றார். கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று என்று எனக்கு அம்மாவின் மேலேதான் கோபம் வந்தது. கோபத்தோடே போய், பெரியப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.

புத்தூர்,
ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன்.